ஸ்டூல் இருக்கு... உட்காரலாமா?

கடைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் பாதுகாப்பு ஆய்வுகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்காமல் போகின்றன?

லேபர் ஆபீசர் ஜவுளிக்கடைக்குள் நுழைகிறார். சேலைப் பிரிவில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதன்மேல் பிரித்துப் போட்ட சேலைகள் ஒரு கட்டு. ‘இருக்கை வசதி உள்ளது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போகிறார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால், காலை பத்து மணியிலிருந்து அங்கே நிற்கும் பெண் அதில் ஒருமுறையாவது உட்கார்ந்தாரா, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வராது.

கடை ஊழியர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்ல முடியாது. சட்டமும் இருக்கிறது, ஆய்வாளரும் இருக்கிறார். கோளாறு வேறு இடத்தில். ஸ்டூல், தீயணைப்பான், அவசர வழி, கழிப்பறை என்று பொருள்களை எண்ணுவதோடு நம்முடைய ஆய்வு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஸ்டூலில் உட்கார விடுகிறார்களா, அவசர வழி வியாபார நேரத்தில் திறந்திருக்கிறதா, கழிப்பறைக்குப் போக எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்விகள் கேட்கப்படாமலே நிற்கின்றன. ஆளைக் காப்பதும் கொல்வதும் கடையின் இந்த அன்றாடப் பழக்கங்கள்தாம்.

1947-ல் எழுதிய சட்டம்

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, தனியார் அலுவலகம் ஆகியவற்றுக்கு அதுதான் அடிப்படை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒருநாள் விடுமுறை. சுத்தம், காற்றோட்டம், வெளிச்சம், தீத் தடுப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள். நாடு விடுதலை அடைந்த ஆண்டில் எழுதிய சட்டத்துக்கு இது நல்ல பட்டியல்தான்.

ஆனால், மீறினால் என்ன ஆகும்? சட்டம் முதலில் எழுதப்பட்டபோது முதல் குற்றத்துக்கு உச்ச அபராதம் 25 ரூபாய். அன்றைக்கு அது ஒரு தொகை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் பழையபடி கடை நடத்துவதுதான் லாபம் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

அந்தப் பட்டியலில் 74 ஆண்டுகளாக இல்லாத ஒன்று, இருக்கை. 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இருக்கை வேண்டும் என்ற யோசனையை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவை வைத்தார். அதே மாதத்தில் நிறைவேறி, 22-அ என்ற புதிய பிரிவு சட்டத்துக்குள் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரும்படி இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இருக்கையோடு வாய்ப்பையும் சேர்த்தே சட்டம் கேட்கிறது. ஆய்வில் முதல் பாதி மட்டும் பதிவாகிறது.

மெத்தை போய் கவுண்டர் வந்தது

“கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?” உட்காரும் பேச்சை எடுத்தால் கடைத் தரப்பிலிருந்து வரும் வழக்கமான பதில் இது. ஏதோ காலங்காலமாக வந்த வியாபார மரபு போலச் சொல்கிறார்கள். நம் பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். தரையில் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சில பட்டுக் கடைகளில் இன்றும் அப்படித்தான். அந்த வியாபாரத்தில் மரியாதை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மாடி மாடியாகக் கடைகள் எழும்பி, கண்ணாடிக் கவுண்டர்களும் ஷோரூம்களும் வந்த பிறகுதான் உட்காருவது சோம்பேறித்தனத்தின் அடையாளமாக மாறியது. நகைக்கடையில் வாங்குபவருக்குக் குஷன் நாற்காலி, விற்பவருக்கு வெறும் தரை. கேமரா வந்தது. யார் சுவரில் சாய்கிறார்கள், யார் பக்கத்துப் பெண்ணோடு பேசுகிறார்கள் என்று மானேஜர் அறையிலிருந்தே பார்க்க முடிந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, கடையின் ஹாஸ்டலில் தங்கி, கடையின் மெஸ்ஸில் சாப்பிடும் பிள்ளைகள் இதை எதிர்த்துப் பேசினால் வேலையோடு சோறும் படுக்கையும் போகும். சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவின் இந்த முகத்தை 2010-ல் இயக்குநர் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் ஊரறியக் காட்டியது. படம் பார்த்துக் கலங்கியவர்கள் அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள். அதில் தப்பில்லை, அந்தக் கலக்கம் ஆய்வாளரின் படிவம் வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

கோழிக்கோட்டில் கிளம்பிய நெருப்பு

தமிழ்நாட்டுக்கு முன்பே இருக்கைக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது கேரளம். அங்கே அது மேலிருந்து வரவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களை ஒன்றுசேர்த்தவர், தையல் வேலை பார்த்த விஜி. ‘பெண்கூட்டு’ என்ற அவருடைய அமைப்பு முதலில் கையிலெடுத்தது கழிப்பறைப் பிரச்சினை. கடைக்குள் கழிப்பறை இல்லை. பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள். அடுத்து வந்தது உட்காரும் உரிமை. 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் கடைக்கு முன்னால் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் நூறு நாள்களைத் தாண்டியது. மலையாளத்தில் அதன் பெயரே ‘இரிக்கல் சமரம்’, உட்காரும் போராட்டம். 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசியின் உலகப் பெண்கள் நூறு பேர் பட்டியலில் விஜியின் பெயரும் வந்தது.

உலகத்துக்கு இது புதிய கோரிக்கை அல்ல. கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டன் 1899-லேயே சட்டம் போட்டது. வணிகம், அலுவலகம் சார்ந்த சுகாதாரம் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-ல் கொண்டுவந்த 120-வது உடன்படிக்கை, போதுமான இருக்கைகளும் அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் வேண்டும் என்கிறது. அங்கேயும் வாய்ப்பு என்ற பேச்சு தனியாக இருக்கிறது. ஸ்டூலைக் காட்டி ஏமாற்ற முடியும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

நின்றுகொண்டே இருந்தால்...

நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், பெரும்பாலும் நிற்காதவர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேல்நோக்கி இதயத்துக்குத் தள்ளிவிடும். ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. பாதம் வீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் காலில் ரத்தநாளம் சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் வெயின், குதிகால் வலி, இடுப்பு வலி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிடப் பெரும்பாலும் நின்று வேலை செய்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அது கண்டது.

கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று. மாதவிடாய் நாள்களில் இன்னும் மோசம். இவை எதுவும் விபத்துக் கணக்கில் வராது. முப்பது வயதில் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிப் போகும் பெண்ணின் கால் வலியை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது?

விடியற்காலைத் தீ சொன்ன பாடம்

2008 செப்டம்பர் 1. ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் தீ. ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31. உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீ. மேல்தளத்தில் இருந்த ஊழியர்களைத் தீயணைப்புப் படை மீட்டது. நாள் முழுக்க எரிந்த கட்டடத்தின் ஒரு பகுதி மறுநாள் சரிந்து விழுந்தது. மிச்சத்தை அரசு இடித்தது. இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே கடை திறக்கும் முன், அதிகாலையில் பிடித்த தீ. வாடிக்கையாளர்கள் ஒருவரும் உள்ளே இல்லை. இதே தீ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பிடித்திருந்தால்? அந்தக் கேள்வியைத் தி.நகரில் யாரும் உரக்கக் கேட்க விரும்புவதில்லை.

பலமாடி ஜவுளிக்கடையின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரியும். அடித்தளத்தில் மின்பலகையும் ஜெனரேட்டரும். மாடி முழுக்கத் துணியும் பாலித்தீன் உறையும். முகப்பை மூடிய கண்ணாடியும் விளம்பரப் பலகையும், புகை வெளியேற வழியில்லாமல். சீசன் நேரத்தில் சரக்குக் கட்டுகள் அவசரப் படிக்கட்டுக்கு இடம் மாறுகின்றன. திருட்டுப் பயத்தில் அந்தக் கதவுக்குப் பூட்டும் விழுகிறது. கதவு கட்டட வரைபடத்தில் இருக்கிறது, சான்றிதழிலும் இருக்கிறது. சாவி மட்டும் மானேஜரின் மேசை டிராயரில் இருக்கிறது. லிஃப்டையும் எஸ்கலேட்டரையும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால், வாடிக்கையாளருக்குத் தெரிந்த வழி அவை இரண்டும்தான்.

விதி மீறிய கட்டடங்களைத் தொடவே முடியாது என்பதும் இல்லை. 2011 அக்டோபர் கடைசியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தி.நகரின் பல வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைத்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவோடு பொங்கல் வியாபாரத்துக்காக அவை திறந்தன. ஒரேயடியாக மூடுவது, பிறகு ஒரேயடியாகத் திறப்பது என்ற இரண்டுக்கும் நடுவில், கடை நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வாரமும் ‘அந்தக் கதவு திறக்கிறதா’ என்று பார்க்கும் சின்ன வேலை விடுபட்டுப்போகிறது.

ஏசி குளிரில் ஒளிந்திருப்பது

அலுவலகங்களில் கூட்டம் இல்லை, துணி மூட்டை இல்லை, எனவே ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் ஓர் அலுவலகக் கட்டடம். 2010 பிப்ரவரி 23-ம் தேதி பிற்பகல், வேலை நேரத்தில் தீப்பிடித்தது. மேல்மாடிகளில் புகை நிறைந்தது. இறந்தவர்கள் 9 பேர். படிக்கட்டு வழி அடைபட, ஜன்னலை உடைத்துக் குதித்தவர்களும் அவர்களில் உண்டு. 2022 செப்டம்பர் 12-ம் தேதி செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடித்த தீயின் புகை மேலே ஏறி 8 உயிர்களைக் குடித்தது.

நம் ஊரில் சிறு நிறுவனங்கள் பல, வீடாகக் கட்டிய கட்டடத்தின் இரண்டாம் மூன்றாம் மாடியில் இயங்குகின்றன. மேலே போக ஒரே படிக்கட்டு. அதன் அடியில் மின்மீட்டர் பலகை. மீட்டருக்குப் பக்கத்தில் வண்டிகள். இப்போது அதே இடத்தில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டும் இருக்கும். உள்ளே காற்றில்லாத அறையில் யூபிஎஸ் பேட்டரிகள். மூடிய அறையில் ஓடும் ஸ்ப்ளிட் ஏசி இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. மதியத்துக்கு மேல் தலை பாரமாக இருந்தால் அதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. காற்றோட்டம் வேண்டும் என்று 1947-லேயே எழுதியாகிவிட்டது. ஆனால் ஓர் அலுவலகத்துக்குள் காற்றோட்டத்தைப் பார்க்க ஆய்வாளர் வந்ததாக எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஒரே ஆளுக்கு எத்தனை வேலை?

பழியை ஆய்வாளர் தலையில் கட்டிவிடுவது எளிது. அவருடைய ஒருநாளை யோசித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிற்சாலைகளைப் பார்க்கிறது. கடைகள் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவிடம் இருக்கின்றன. கடைக்கு வரும் அதே அதிகாரிகள் தராசுக்கு முத்திரை இருக்கிறதா, பாக்கெட்டில் விலையும் எடையும் அச்சிட்டிருக்கிறதா, குறைந்தபட்சக் கூலி தருகிறார்களா, குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய விடுமுறை நாள்களில் யார் ஊழியரை வேலைக்கு வரச் சொன்னார்கள் என்ற சோதனை வேறு. அந்த நாள்களில் ஆய்வு வரும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்ற செய்தி மறுநாள் பத்திரிகையில் வரும்.

இவ்வளவு வேலைக்கு நடுவே எண்ணக்கூடியதை எண்ணுவதுதான் மனித இயல்பு. முத்திரை இல்லாத தராசு கண்ணுக்குத் தெரியும். உட்காரப் பயப்படும் பெண் கண்ணுக்குத் தெரியமாட்டார். தெரிந்து கேட்டாலும், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது “எல்லாம் நல்லா இருக்கு சார்” என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

முதலாளி தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. மாநகராட்சி, தீயணைப்பு, தொழிலாளர், உணவுப் பாதுகாப்பு, மின்வாரியம் என்று ஆள் மாற்றி ஆள் வந்தால், பத்துக்குப் பத்து கடை நடத்துபவருக்கு ஆய்வு என்றாலே மாமூல் பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்தைப் போக்கக் கணினியே ஆய்வுக்குரிய நிறுவனத்தைத் தேர்வு செய்யும் முறை வந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஆய்வாளர் என்ற பதவியே வழிகாட்டியும் சேர்ந்த ஒன்றாகப் பெயர் மாறியிருக்கிறது. வழி காட்டட்டும், நல்லதுதான். ஆனால், ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ, நுழையலாம் என்பதும், புகார் சொன்னவர் யார் என்பதை வெளியிடக் கூடாது என்பதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-வது உடன்படிக்கையின் உயிர்நாடி. அது 1947-ல் உருவானது; இந்தியா 1949-ல் ஏற்றது. பெயர் மாறும்போது அந்த உயிர் போய்விடக் கூடாது.

மூன்று கேள்விகள் போதும்

பழக்கத்தை ஆய்வு செய்வது முடியாத காரியமல்ல. நேரத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு வெறிச்சோடிய கடையில் எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கும். ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனால், படிக்கட்டில் சரக்கு இருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, ஸ்டூல்மேல் மூட்டையா ஆளா என்பது தானாகத் தெரியும். 2019 முதல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதி தந்திருக்கிறது. கடைக்கு இரவு வேலை உண்டென்றால் ஆய்வுக்கும் உண்டு.

அடுத்தது, கேட்கும் விதம். ஊழியரைத் தனியே, முடிந்தால் கடைக்கு வெளியே, வெவ்வேறு மாடியைச் சேர்ந்த நாலைந்து பேரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இன்றைக்கு எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்? இப்போது கரண்ட் போய்ப் புகை வந்தால் எந்தப் படியில் இறங்குவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால், அந்தக் கடையில் ஒத்திகை நடந்ததில்லை என்று எழுதிவிடலாம். சுவரில் மாட்டிய சான்றிதழ் என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக, கேமரா. ஊழியர் உட்கார்ந்ததைக் கண்டுபிடித்துச் சம்பளத்தில் கைவைக்க அந்தப் பதிவு பயன்படும் என்றால், உட்கார விட்டார்களா என்று பார்க்கவும் அதே பதிவு பயன்பட வேண்டும். பதிவேடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆய்வாளருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. கேமராப் பதிவும் அந்தப் பட்டியலில் வரும் என்று விதிகளில் ஒரு வரி சேர்ப்பது அரசுக்குப் பெரிய வேலை அல்ல.

வாங்குபவரும் பார்க்கலாம்

• மாடிக்குப் போனதும் லிஃப்டைத் தவிர வேறு எந்த வழியில் இறங்கலாம் என்று தேடுங்கள். அந்தக் கதவு திறக்கிறதா, வழியில் மூட்டை இருக்கிறதா?
• படிக்கட்டைக் காட்டச் சொல்லி ஊழியரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் யோசியுங்கள்.
• தீயணைப்பானில் அடுத்த சோதனைத் தேதி எழுதியிருக்கும். அது தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.
• கவுண்டருக்குப் பின்னால் இருக்கை உண்டா, அதில் பொருள் வைத்திருக்கிறார்களா?
• சேலை எடுக்க நேரமாகும் என்றால், “நீங்களும் உட்காருங்கம்மா” என்று சொல்லுங்கள். மரியாதை போய்விடும் என்ற கடைக்காரரின் வாதம் வாடிக்கையாளர் பெயரில்தான் நடக்கிறது. அதை மறுக்க வேண்டியவரும் வாடிக்கையாளர்தான்.

ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அபராதத்தை இன்றைய விலைக்கு உயர்த்த வேண்டும், துறைகள் சேர்ந்து ஒரே நாளில் வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணமும் காலமும் வேண்டும் என்று அரசு சொல்லலாம். மாலை ஏழு மணிக்கு ஆய்வுக்குப் போவதற்கு எதுவும் வேண்டாம். வருகிற தீபாவளிக்கு முந்தைய வாரம், தி.நகரிலும் மதுரை விளக்குத்தூண் பக்கமும் கோவை ஒப்பணக்கார வீதியிலும் தொழிலாளர் துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து மூன்றே மாலைகள் போகட்டும். கண்டதைக் கடை வாரியாக வெளியிடட்டும். எந்தக் கடையில் துணி எடுப்பது என்று மக்கள் முடிவு செய்துகொள்வார்கள். கடைக்காரர்களும் அதைவிடப் பெரிய அபராதத்துக்குப் பயப்படப் போவதில்லை.